நோவைத் தாங்கினால்தான் தாயா?



"நாங்களும் பெத்தனாங்கள்தானே, கத்தாதேயும்" என்று பிரசவ அறையில் என் மகளை ஒருவர் அதட்டியது கதவுக்கு வெளியே நின்ற எனக்கும் கேட்டது.

இந்த மனப்பான்மை புதிதல்ல. 1847இல் எடின்பரோவில் மருத்துவர் ஜேம்ஸ் சிம்ப்சன் பிரசவத்துக்குக் குளோரோஃபோம் என்ற மயக்க மருந்தைக் கொடுத்தபோது, நோவோடு பிள்ளை பெறுவாய் என்று பைபிளில் ஏவாள் பெற்ற சாபத்தைக் காட்டிச் சிலர் எதிர்த்தார்கள். ஆதாமை உறங்கவைத்துத்தானே கடவுள் விலா எலும்பை எடுத்தார் என்று அவர் பதில் எழுதினார். 1853இல் விக்டோரியா மகாராணியே அம்மருந்தை ஏற்று எட்டாவது பிள்ளையைப் பெற்றார்.

இன்றும் பிரசவ நோவு தணிக்க முதுகில் போடும் எபிடியூரல் ஊசியைக் கேட்கும் பெண்ணைப் பொறுமை இல்லாதவள் என்கிறோம். பல்லுப் பிடுங்க விறைப்பூசி கேட்பவரை யாரும் அப்படிச் சொல்வதில்லை! நோவு தணிக்கும் வழிகளையும் அவற்றின் பக்கவிளைவுகளையும் கர்ப்பிணி கிளினிக்கிலேயே தமிழில் விளக்கச் சுகாதார அமைச்சு ஏற்பாடு செய்ய வேண்டும்.

ஒரு வாசகி,
கொட்டாஞ்சேனை.