சூதாட்ட நகரில் யாருக்குச் சிலை?

அமெரிக்காவில் நெவாடா என்று ஒரு மாநிலம். அதில் பெரும்பகுதி பாலைவனம். அந்தப் பாலைவனத்தின் நடுவே இரவைப் பகலாக்கும் ஒரு நகரம் இருக்கிறது. அதுதான் லாஸ் வேகாஸ்.

சூதாட்டத்துக்குப் பெயர்போன ஊர் இது. தருமன் நாட்டைத் தோற்றது ஒரே ஒரு சபையில். இங்கேயோ அப்படிப்பட்ட சபைகள் தெரு நெடுகிலும் உண்டு! பகடை உருளுகிறது. சீட்டு புரளுகிறது. சக்கரம் சுழலுகிறது. விடிய விடிய ஆட்டம்தான்.

இந்த ஊரில் சிலைகளுக்குப் பஞ்சம் இல்லை. ஒரு விடுதியின் வாசலில் ரோமாபுரிச் சக்கரவர்த்தி நிற்கிறார். அதே விடுதியின் வளாகத்தில் நான்முகப் பிரம்மாவுக்கு ஒரு சன்னிதி! 1984-ல் தாய்லாந்திலிருந்து வந்தது அது.

இன்னொரு விடுதியின் வாசலில், நியூயார்க் துறைமுகத்துச் சுதந்திர தேவி சிலையின் நகல் இருக்கிறது. அமெரிக்கத் தபால் இலாகா, அசல் சிலை என்று எண்ணி, இந்த நகலின் படத்தைத் தபால் தலையில் அச்சிட்டுவிட்டது. நகலைச் செய்த சிற்பி வழக்குப் போட்டார். அவருக்கு 35 லட்சம் டாலர் கொடுக்க வேண்டும் என்று 2018-ல் தீர்ப்பாயிற்று!

வேடிக்கைதான். ஆனால் ஒரு கேள்வி. ரோமாபுரி மன்னர் இந்த ஊருக்காக ஒரு செங்கல் எடுத்து வைத்தாரா? இல்லை. அப்படியானால், இந்த ஊரில் சிலை வைக்கத் தகுந்தவர்கள் யார்?

துப்பாக்கிக்காரனுக்கு நினைவுக் கல்

"பக்சி சீகலுக்குத்தான் வைக்க வேண்டும். இந்த ஊரை உண்டாக்கியவன் அவன்தானே!" என்று சொல்பவர்கள் உண்டு.

யார் இந்த சீகல்? கொள்ளைக் கூட்டத் தலைவன். கொலைக்கு அஞ்சாதவன். 1946 டிசம்பர் 26-ந் தேதி லாஸ் வேகாசில் பிளமிங்கோ என்ற ஆடம்பர விடுதியைத் திறந்தான். ஆறு மாதம்கூட முழுதாக ஆகவில்லை. 1947 ஜூன் 20-ந் தேதி, பெவர்லி ஹில்ஸ் என்ற ஊரில் ஒரு வீட்டில் உட்கார்ந்திருந்தவனை யாரோ சுட்டுக் கொன்றார்கள். கொன்றவர் யார் என்பது கடைசிவரை துலங்கவில்லை. பிளமிங்கோ விடுதித் தோட்டத்தில் அவனுக்கு ஒரு நினைவுக் கல் இருக்கிறது.

ஊரை உண்டாக்கியவன் அவன் என்பது சரிதானா? நெவாடா மாநிலம் சூதாட்டத்துக்குச் சட்டப்படி அனுமதி கொடுத்தது 1931-ல். இன்று உலகம் அறிந்த அந்தப் பெரிய வீதியில் முதல் சூதாட்ட விடுதி திறந்தது 1941-ல். பிளமிங்கோவுக்கு அஸ்திவாரம் போட்டவர்கூட சீகல் அல்ல. பில்லி வில்கர்சன் என்ற பத்திரிகை முதலாளி. கையில் பணம் தீர்ந்துபோய் அவர் தவித்தபோது, உள்ளே நுழைந்தவன் சீகல்.

ஆக, ஊர் அவனுக்கு முன்பே இருந்தது. அவனுக்குப் பின்பும் இருக்கிறது. துப்பாக்கி பிடித்தவன் கதை சினிமாவுக்குச் சுவையாக இருக்கலாம். சிலைக்கு அது போதாது. சிலையைப் பார்க்கும் குழந்தை, "அப்பா, இவர் என்ன செய்தார்?" என்று கேட்கும். அதற்குத் தகப்பன் தலை நிமிர்ந்து பதில் சொல்ல வேண்டாமா?

புல்வெளியைக் காத்த பெண்மணி

லாஸ் வேகாஸ் என்றால் ஸ்பானிய மொழியில் புல்வெளிகள் என்று பொருள். பாலைவனத்தில் ஊற்று இருந்தது. அதனால் புல் இருந்தது. பையூட் என்ற பழங்குடி மக்கள் அங்கே வாழ்ந்து வந்தார்கள்.

அங்கே ஒரு பண்ணை. அதன் சொந்தக்காரர் ஆர்ச்சிபால்ட் ஸ்டூவர்ட். 1884 ஜூலையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். மனைவி ஹெலன் அம்மையாருக்கு நான்கு குழந்தைகள். ஐந்தாவது வயிற்றில். சுற்றிலும் பாலைவனம்!

அம்மையார் கலங்கி ஓடவில்லை. பண்ணையைத் தாமே நடத்தினார். வழிப்போக்கர்களுக்குச் சோறும் தங்க இடமும் கொடுத்தார். 1902-ல் அந்த நிலத்தை ரெயில்வே கம்பெனிக்கு விற்றார். 1905-ல் அது மனைகளாக ஏலம் போயிற்று. ஊர் பிறந்தது.

அவர் செய்த இன்னொரு காரியமும் உண்டு. 1911-ல் பையூட் மக்களின் குடியிருப்புக்காக 10 ஏக்கர் நிலத்தை அரசாங்கத்துக்குக் குறைந்த விலைக்குக் கொடுத்தார். நகரின் நடுவே அந்த நிலம் இன்றும் அவர்கள் கையில் இருக்கிறது. பழைய கோட்டைப் பூங்காவில் அம்மையாருக்கு ஒரு சிலை இருக்கிறது. நல்ல காரியம். ஆனால் வேடிக்கை பார்க்க வரும் கூட்டம் திரளும் வீதி அதுவல்ல.

தண்ணீர் தந்தவர்கள்

லாஸ் வேகாசிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தூரத்தில் ஹூவர் அணை இருக்கிறது. 1931-ல் வேலை தொடங்கியது. நாட்டில் வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்து ஆடிய காலம். மனைவி மக்களோடு வந்து குவிந்தார்கள் தொழிலாளர்கள். கொளுத்தும் வெயில். இரவும் பகலும் வேலை. வேலை தொடங்கிய காலத்தில் அவர்களுக்கு ஆண்டுக்கு இரண்டே நாள்தான் விடுமுறை!

பாறை விழுந்தும், வெடி வெடித்தும், உயரத்திலிருந்து தவறி விழுந்தும், இன்னும் பல விபத்துகளிலும் மாண்டவர்கள், அரசாங்கக் கணக்குப்படி 96 பேர். வெயிலில் சுருண்டு இறந்தவர்கள் அந்தக் கணக்கில் சேரவில்லை.

இன்று லாஸ் வேகாஸ் குடிக்கும் தண்ணீரில் பத்தில் ஒன்பது பங்கு அந்த அணை தேக்கும் ஏரியிலிருந்துதான் வருகிறது. விடுதி வாசலில் செயற்கை நீரூற்று ஆடுவதைப் பார்த்துக் கை தட்டுகிறார்கள். தண்ணீருக்காக உயிர் விட்டவர்களை நினைப்பவர் எத்தனை பேர்?

பூட்டிய கதவைத் திறந்தவர்

1950-களில் நாட் கிங் கோல், சாமி டேவிஸ் போன்ற பெரிய கலைஞர்கள் இந்த விடுதிகளில் பாடினார்கள். கூட்டம் அலைமோதியது. ஆனால் அவர்கள் கறுப்பர்கள். மேடை உண்டு, தங்க அறை இல்லை! பாட்டு முடிந்ததும், கறுப்பின மக்கள் வாழ்ந்த மேற்குப் பகுதிக்குப் போய்ப் படுக்க வேண்டும்.

ஜேம்ஸ் மெக்மில்லன் என்ற பல் டாக்டர் இதை எதிர்த்து எழுந்தார். அவரும் கறுப்பர். "மார்ச் 26-க்குள் கதவைத் திறக்காவிட்டால் பெரிய வீதியில் ஊர்வலம் நடக்கும்" என்று 1960-ல் எச்சரிக்கை விடுத்தார். மிரட்டல் வந்தது. அவர் மசியவில்லை. குறித்த நாளன்று முலான் ரூஷ் என்ற விடுதியில் பேச்சுவார்த்தை நடந்தது. ஒப்பந்தம் ஏற்பட்டது. ஒரு சொட்டு ரத்தம் சிந்தாமல் கதவுகள் திறந்தன!

படுக்கை விரித்த தாய்

இவர்கள் எல்லோரும் தகுந்தவர்களே. ஆனால் ஒரே ஒரு சிலைக்குத்தான் இடம் என்றால், அது ஹேட்டி கேன்டி அம்மையாருக்கே சேர வேண்டும்.

அலபாமா மாநிலத்தில் ஏழைக் கறுப்பர் குடும்பத்தில் பிறந்தவர் அவர். பத்துப் பிள்ளைகளுக்குத் தாய். 1975-ல் கணவர் இறந்தார். விடுதியில் அறை கூட்டி, படுக்கை விரிக்கும் வேலைக்குப் போய்ப் பிள்ளைகளை வளர்த்தார். தொழிற்சங்கத்தில் சேர்ந்தார். 1990-ல் அந்த ஊரின் சமையல், விடுதித் தொழிலாளர் சங்கத்துக்கே தலைவியானார்!

மறு ஆண்டு பிராண்டியர் என்ற விடுதியில் வேலைநிறுத்தம் தொடங்கியது. சுமார் 550 தொழிலாளர்கள் வெளியே வந்தார்கள். ஒரு மாதமா? ஓர் ஆண்டா? ஆறு ஆண்டுகளுக்கு மேல் நடந்தது! இரவு பகலாக வாசலில் காவல் நின்றார்கள். அந்தக் காலத்துக்குள் அவர்கள் வீடுகளில் நூற்றுக்கு மேல் குழந்தைகள் பிறந்தன. ஒருவர்கூட அணி மாறவில்லை. 1998-ல் விடுதி கை மாறியது. தொழிலாளர்கள் வென்றார்கள்.

கேன்டி அம்மையார் போராட்டங்களில் பலமுறை கைதானவர். இளைஞர்களுக்கு விடுதி வேலை கற்றுக் கொடுக்கும் பயிற்சிப் பள்ளி அமையவும் உழைத்தார். 2012-ல் காலமானார்.

"அந்தச் சம்பளமும் சூதாட்டப் பணம்தானே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். சூதாட்டத்தில் குடும்பங்கள் அழிவது உண்மை. அதை யாரும் மறைக்க வேண்டாம். ஆனால் விரிப்பு மாற்றிய கை பகடை உருட்டவில்லை. அந்தக் கை வாங்கியது கூலி. பத்துப் பிள்ளைகள் சாப்பிட்ட சோறு, உழைத்துச் சம்பாதித்த சோறு.

எங்கே வைப்பது?

பிராண்டியர் விடுதி இப்போது இல்லை. 2007-ல் வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். அது நின்ற இடத்தில், பெரிய வீதியைப் பார்த்தபடி, அந்தச் சிலை எழ வேண்டும். கையில் வாள் வேண்டாம். மடித்த விரிப்பு ஒன்று போதும்.

ஆட்டத்தில் தோற்று விடியற்காலையில் வெளியே வருகிறவன், அந்தச் சிலையை நிமிர்ந்து பார்ப்பான். வீட்டில் தனக்காகக் காத்திருப்பவர்கள் அவன் நினைவுக்கு வரட்டும்!