சலக்கடுப்பும் சங்கோசமும்

காலை ஏழரை மணிக்குப் பாடசாலைக்கு வரும் மாணவிகள் சிலர், பிற்பகல் ஒன்றரை மணி வரை ஒரு மிடறு தண்ணீரும் அருந்தாதிருப்பதை நாம் கண்டிருக்கிறோம். காரணம் கேட்டால் தலை குனிவர். மலசலகூடக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை; வாளியில் நீர் இல்லை. தண்ணீர் குடித்தாலன்றோ அங்கே போகவேண்டும்! இவ்வாறு சலத்தை அடக்கிவைக்கும் பழக்கம் சலப்பையிற் கிருமிகள் பெருகுவதற்கு அவகாசம் அளிக்கிறது.

சலக்கடுப்பு என்றதும் "உடற்சூடு" என்று இளநீரும் பார்லித் தண்ணீரும் கொடுப்பது நம்மவர் வழக்கம். அவை தீங்கானவையல்ல, சலம் நன்கு வெளியேற உதவும். ஆயினும் கிருமியைக் கொல்லும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை. 1885ஆம் ஆண்டில் தியோடர் எஷெரிக் என்னும் வைத்தியர் குழந்தைகளின் மலத்திற் கண்டறிந்த எஷெரிக்கியா கோலி என்ற கிருமியே பெரும்பாலும் இந்நோய்க்குக் காரணம். குடலில் அது சாதுவாக வாழும். சலப்பையினுட் புகுந்தாலோ தொல்லைதான். பெண்களின் சலவழி ஏறத்தாழ 4 சென்ரிமீற்றர் நீளமே. ஆண்களுக்கோ 20 சென்ரிமீற்றர் அளவு. பெண்களை இந்நோய் அதிகம் பீடிப்பது இதனாலேயன்றி ஒழுக்கக் குறைவினால் அன்று. இதனைத் தாய்மார் முதலில் உணரவேண்டும். மலங்கழித்தபின் முன்னிருந்து பின்னாகக் கழுவும்படி சிறுமியருக்குப் பழக்குவதும் அவர்கள் கடமையே.

சலம் கழிக்கையில் எரிவு, அடிக்கடி போகவேண்டுமென்ற அவசரம், போனாற் சில துளிகளே வருதல், அடிவயிற்று நோவு, சலம் கலங்கியோ இரத்தங் கலந்தோ போதல் ஆகியன இதன் குறிகள். குளிருடன் காய்ச்சலும் விலாப்புற நோவும் வாந்தியும் கண்டால், கிருமி சிறுநீரகம் வரை ஏறிவிட்டதென ஐயுற்று அன்றே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். கருவுற்ற தாய்மாருக்கு ஒரு வருத்தமும் தோன்றாமலே சலத்திற் கிருமி காணப்படுவதுண்டு. அவர்களுக்கும் சிகிச்சை அவசியம். நீரிழிவுக்காரரும் அசட்டையாயிருத்தலாகாது.

சலத்தைப் பரிசோதித்து வைத்தியர் தரும் அன்ரிபயோற்றிக் குளிசைகள் சில நாட்களிலேயே குணந்தரும். எரிவு தணிந்ததும் அவற்றை இடையில் நிறுத்திவிட்டு, மிஞ்சியதை அயல்வீட்டு அக்காவுக்குக் கொடுத்துதவும் தயாள குணம் நம்மிடையே உண்டு. அரைகுறை மருந்தில் தப்பிய கிருமி, அடுத்த முறை அம்மருந்துக்கு அசையாது.

வகுப்பில் எழுந்து வெளியே போக அனுமதி கேட்ட பிள்ளையை, "மணி அடிக்கட்டும், இரு" என்று நாமும் பன்முறை இருத்தியிருக்கிறோம். இப்பொழுது அவ்வாறு சொல்வதில்லை.