கொல்லையில் ஒரு வாடகை வீடு

தாம்பரம், சேலையூர், செம்பாக்கம் பக்கம் முன்னால் வீடும் பின்னால் கிணறும் தென்னையுமாக உள்ள ஒரு கிரவுண்டு மனைகள் இன்னும் நிறைய. சேமிப்பைக் கொண்டு செங்கல்பட்டுக்கு அப்பால் இன்னொரு மனை வாங்குவதைவிட, கொல்லையில் சிறு வீடு கட்டி வாடகைக்கு விடுவதே மேல். காலி மனை விற்கும்வரை ஒரு ரூபாயும் தராது. இங்கே நிலத்துக்குச் செலவே இல்லை. 1984-இல் தொடங்கிய மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்திலும் 2023 டிசம்பரில் திறந்த கிளாம்பாக்கம் பேருந்து முனையத்திலும் வேலை பார்ப்பவர்கள் பலருக்குத் தேவை பெரிய ஃபிளாட் அல்ல. ஓர் அறை, சமையலறை, கழிப்பறை.

குடிவருபவர் காலி செய்யமாட்டார் என்ற பயம் பழையது. 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாதவரை முன்பணத்தை மூன்று மாத வாடகையோடு நிறுத்தியது. பத்து மாதம் கேட்கும் வழக்கத்தை வீட்டுக்காரர்கள் கைவிட்டால் நல்ல குடித்தனக்காரர்கள் கிடைப்பார்கள். அனுமதியின்றிக் கட்டுவது மட்டும் கூடவே கூடாது. பின்னாளில் இடிக்கச் சொன்னால் போட்ட முதலே போய்விடும்.

வலுவான ஆட்சேபம் தண்ணீர்தான். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை யாரும் மறக்கவில்லை. கொல்லை முழுவதும் சிமென்ட் பூசினால் மழை தெருவுக்குப் போகும், கோடையில் லாரித் தண்ணீருக்கே வாடகை கரையும். ஆகவே கிணற்றை மூடாதீர்கள், ஒரு பகுதியை மண் தரையாகவே விடுங்கள், மழைநீர்த் தொட்டியையும் கழிவுநீர் வசதியையும் கட்டுமானச் செலவிலேயே சேருங்கள். அன்று வெள்ளம் நின்ற தெருவில் இருப்பவர்கள் இதில் இறங்கவே வேண்டாம்.