குறட்டையும் எங்கள் வெட்கமும்

நெல்லியடித் தையல் வகுப்புக்கு வரும் அக்கா ஒருவர் மகள் வீட்டில் இரவு தங்குவதே இல்லை. “என்ர குறட்டைக்கு மருமகன் என்ன நினைப்பார்?” 2009இல் செட்டிகுளம் முகாமில் பக்கத்துக் கூடாரத்தார் சிரித்ததும் அவருக்கு மறக்கவில்லை.

சகோதரிகளே, அண்ணத்தின் மென்மையான பின்பகுதி மூச்சுக்காற்றில் அதிர்வதால்தான் பெரும்பாலும் குறட்டை வருகிறது. அவ்விடத்தை ஊசியால் மரக்கச்செய்து, ரேடியோ அலைச் சூட்டினால் சதையை இறுக்கும் முறை 1990களில் வந்தது. கத்தி வேண்டாம், பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். சிலருக்குச் சில வருடங்களில் சத்தம் திரும்பவும் வரும்.

ஆனால் அக்கா தையல் மெசினிலேயே தூங்கி விழுகிறார். பேறுக்கு வந்து நின்ற மகள் சொன்னாள்: “அம்மாவுக்கு இடையில மூச்சு நின்டு, திணறி எழும்புவா.” அப்படியானால் சூட்டுச் சிகிச்சை மட்டும் போதாது. சத்தம் அடங்கலாம், மூச்சுத் தடை அடங்காது; இரத்த அழுத்தமும் கூடும். காற்றை அழுத்தித் தரும் முகமூடி இயந்திரம் தேவைப்படலாம். சிட்னியில் கொலின் சலிவன் 1981இல் அறிமுகப்படுத்தியது அது.

கணவரை இழந்து தனியே படுக்கும் எங்களுக்கு இதை யார் பார்த்துச் சொல்வது? பிள்ளைகளிடம்தான் கேட்கவேண்டும்.

வரும் கிழமை யாழ். போதனா வைத்தியசாலையின் காது, மூக்கு, தொண்டை கிளினிக்குக்கு அக்காவுடன் போகிறேன். கண்டதைச் சொல்ல மகளும் வருகிறாள்.