யாருடைய இரகசியம்?

2019 மே 22ஆம் தேதி மும்பை நாயர் மருத்துவமனை விடுதியில் பாயல் தட்வி தன் உயிரை முடித்துக்கொண்டார். வயது 26. தட்வி பில் பழங்குடிப் பெண், மகப்பேறு மருத்துவத்தில் மேற்படிப்பு மாணவி. மூத்த மருத்துவர்கள் மூவர் சாதியைச் சொல்லி இழிவு செய்தார்கள் என்பது குடும்பத்தின் குற்றச்சாட்டு. குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் மருத்துவர் சங்கத்துக்குக் கடிதம் எழுதினார்கள். வேலைப்பளுவுக்கு ராகிங் என்று பெயர் வைத்தால் எங்களுக்கும் நடந்தது ராகிங்தானே என்கிற தோரணையில் இருந்தது அது.

வேலைப்பளு. தோழர்களே, இந்தச் சொல்லைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

மருத்துவர்களின் மனநலம் பற்றி இன்று உலகம் முழுக்கப் பேசுகிறார்கள். நியூயார்க்கில் வேலை பார்த்த லோர்னா பிரீன் என்ற அவசரப் பிரிவு மருத்துவர் கொரோனாக் காலத்தில், 2020 ஏப்ரலில், தற்கொலை செய்துகொண்டார். சிகிச்சைக்குப் போனது தெரிந்தால் மருத்துவ உரிமம் பறிபோகும் என்று அவர் அஞ்சியதாகக் குடும்பம் சொன்னது. அங்கே பல மாநிலங்களின் உரிம விண்ணப்பத்தில் 'எப்போதாவது மனநோய்க்கு மருத்துவம் பார்த்ததுண்டா' என்று கேள்வியே இருந்தது. இப்போது வேலை செய்ய முடியாத அளவுக்குக் கோளாறு இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதும் என 2018இல் அந்நாட்டு மாநில மருத்துவ வாரியங்களின் கூட்டமைப்பு சொல்லியிருந்தது. பிரீன் பெயரில் 2022 மார்ச்சில் ஒரு சட்டமும் வந்தது.

இங்கேயும் இது வேணும். 2024இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு நடத்திய ஆய்வில் மேற்படிப்பு மாணவர்களில் ஏறத்தாழ 31 விழுக்காட்டினர் தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொன்னார்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை மருத்துவ உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும் என்று 2023இல் விதி கொண்டுவந்தார்கள். அந்தப் படிவத்தில் பழைய சிகிச்சையைத் தோண்டுகிற கேள்வி எந்தக் காலத்திலும் நுழையக் கூடாது என்று இப்போதே எழுதி வாங்கிவிட வேண்டும். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 இருக்கிறது. அதன் 23ஆம் பிரிவு நோயாளியின் இரகசியத்தை உரிமை என்கிறது. மருத்துவரும் நோயாளியாகலாம் என்பதைத்தான் யாரும் நினைக்கிறதில்லை.

ஆனால் அந்தப் பிள்ளை எங்கே போய்ச் சொல்லும்? படிக்கிற ஆஸ்பத்திரியிலேயே மனநலப் பிரிவு. அங்கே உட்கார்ந்திருப்பவர் தன் துறைத்தலைவரோடு தேநீர் குடிக்கிறவர். ஆய்வேட்டில் கையெழுத்துப் போடுவதும் தேர்வில் மதிப்பெண் போடுவதும் அந்தத் துறைத்தலைவர். புறநோயாளிச் சீட்டில் பெயர் இருக்கும், பெயருக்குப் பின்னால் சாதி தெரியும். நான் வங்கி எழுத்தன். ஒருத்தர் கணக்கில் நானூறு ரூபாய் இருப்பதைப் பக்கத்துவீட்டுக்காரரிடம் சொன்னால் என் வேலைக்கு ஆபத்து. மனசுக்கு இந்தப் பாதுகாப்புகூடக் கிடையாதா?

2022 ஜனவரியில் திண்டுக்கல்லுக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. 2020இல் வந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டால் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மருத்துவத்துக்குப் போகிறார்கள். எங்கள் அகரம் பக்கத்துத் தாய் ஒருத்தி, மகள் வெளியூரில் படிக்கிறாள், என்னிடம் கேட்டாள்: "தூக்கமே வரலேங்குறா தம்பி. டாக்டருக்குப் படிக்கிறவளையே டாக்டர்ட்ட காட்டுனா ஊரு சிரிக்காதா?" ஊர் சிரிப்பது இருக்கட்டும். 'கோட்டாவில் வந்தது, தாங்க முடியல' என்று விடுதியில் சிரிப்பார்களே, அதற்குத்தான் அந்தப் பெண் பயப்படுகிறாள். மேல்சாதிப் பிள்ளைக்கு மனச்சோர்வு வந்தால் அது நோய். நம் பிள்ளைக்கு வந்தால் தகுதியின்மைக்குச் சாட்சி.

தமிழக அரசு 2022 டிசம்பரில் மருத்துவக் கல்லூரி மாணவர்களுக்கென்று 'மனம்' என்ற மன்றத்தைத் தொடங்கியது. நல்ல காரியம். மன்றம் கல்லூரிக்குள்ளேயே இருக்கிறது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. 14416 என்ற தொலைபேசி எண் கல்லூரிக்கு வெளியே இருக்கிறது, இலவசம். அதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அதோடு, வேறு ஊரில், வேறு நிர்வாகத்தின்கீழ், துறைத்தலைவர் கை நீள முடியாத இடத்தில் நேரில் போய்ப் பேச ஓர் ஏற்பாடு வேண்டும்.

இங்கேதான் வேலைப்பளு என்ற சொல்லுக்கு வருகிறேன். மனநல ஆலோசனை என்ற பெயரில் சாதிக் கொடுமையை மூடி வைக்கும் வேலையும் நடக்கலாம். இழிவுபடுத்தப்பட்டவளை ஆலோசகரிடம் அனுப்பி, மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொடுத்து, கோப்பில் 'மன அழுத்தம்' என்று எழுதினால் இழிவு செய்தவன் பெயர் எந்தக் காகிதத்திலும் ஏறாது. அது மாணவியின் இரகசியமா, நிர்வாகத்தின் இரகசியமா? கோப்பு இரண்டாக இருக்க வேண்டும். சிகிச்சைக் கோப்பை அவள் அனுமதியில்லாமல் ஒருத்தரும் தொடக் கூடாது. வன்கொடுமைப் புகார்க் கோப்பை ஒருத்தரும் மூடக் கூடாது. முதலாவதைக் காட்டி இரண்டாவதை உடைக்க வக்கீல்களை விடக் கூடாது.

பாயலின் அம்மா அபேதா தட்வி புற்றுநோயாளி, மகள் படித்த அதே மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவர். முன்பே முறையிட்டோம், யாரும் கேட்கவில்லை என்கிறது குடும்பம். குற்றஞ்சாட்டப்பட்ட மூவருக்கும் 2019 ஆகஸ்டில் ஜாமீன் கிடைத்தது. படிப்பு பாழாகக் கூடாது என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அவர்களை அதே கல்லூரிக்குத் திரும்பிப் போய் மேற்படிப்பைத் தொடர அனுமதித்தது.