சுடாத துப்பாக்கிகளின் விலை

பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் பெட்டி பெட்டியாகக் காமிராக்களைச் சுமந்து திரிந்த 1940களில், அமெரிக்காவின் கிராஃப்ளெக்ஸ் நிறுவனம் ஒரு ஃப்ளாஷ் கைப்பிடியைத் தயாரித்து விற்றது. ஒரு சாணுக்குச் சற்று அதிகமான நீளத்தில் பளபளக்கும் உலோகக் குழாய். உள்ளே மூன்று பாட்டரிகள், பக்கவாட்டில் ஒரு சிவப்புப் பொத்தான், உச்சியில் பல்பு. எலெக்ட்ரானிக் ஃப்ளாஷ் வந்ததும் அதற்கு வேலை போயிற்று. பழைய காமிரா கடைகளில் தூசி படியத் தொடங்கியது.

லண்டனில் அப்படிப்பட்ட ஒரு கடையில்தான் ரோஜர் கிறிஸ்டியன் அதைக் கண்டெடுத்தார். 1977ல் வெளியான 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் செட் அலங்காரப் பொறுப்பாளர் அவர். கையில் பணம் குறைவு. கதாநாயகனுக்கோ ஓர் ஒளிவாள் தேவை. குழாயின் அடிப்பகுதியில் கருப்புப் பட்டைகளை வரிசையாக ஒட்டினார். நடுவில் இருந்த பிடிப்பானில் பழைய கால்குலேட்டர் ஒன்றின் கண்ணாடிக் குமிழ்ப் பட்டையைச் செருகினார். ஒளிவாள் தயார். அந்தப் படத்தின் கலை அமைப்புக்காகக் கிடைத்த ஆஸ்கர் விருதில் அவருக்கும் பங்கு உண்டு.

இன்று அந்தக் கைப்பிடியைக் காமிராவுக்காகத் தேடுபவர்கள் அபூர்வம். தேடுபவர்களில் பெரும்பாலோர் அதை ஒளிவாளாக்கிக் கண்ணாடிப் பேழையில் வைக்க விரும்புகிறவர்கள். குப்பை விலைக்குக் கிடைத்த பொருளுக்குப் பல நூறு டாலர் தரத் தயாராக இருக்கிறார்கள். விஞ்ஞானப் படங்களில் வரும் ஆயுதங்களின் உயர்தர நகல்களைச் சேகரிப்பவர்களின் உலகம் இது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் பொம்மை விளையாட்டாகத் தோன்றலாம். ஆனால் இந்த விளையாட்டில் சட்டம், நீதிமன்றம், திருட்டு, அறம் எல்லாம் இருக்கின்றன.

படப்பிடிப்பில் உண்மையிலேயே பயன்பட்ட பொருட்கள் பணக்காரர்களின் சமாசாரம். ஹாரிசன் ஃபோர்டு 1977 படத்தில் ஏந்திய பிளாஸ்டர் துப்பாக்கி 2022 ஆகஸ்டில் அமெரிக்காவில் 10,57,500 டாலருக்கு ஏலம் போனது. வில்லன் டார்த் வேடரின் ஒளிவாள் ஒன்று 2025 செப்டம்பரில் 36 லட்சம் டாலரைத் தாண்டியது. அதுவும் ஒரு பழைய ஃப்ளாஷ் கைப்பிடிதான், பிரிட்டிஷ் தயாரிப்பு. மாதச் சம்பளக்காரரான ரசிகர் இந்தக் கூடத்தின் வாசலைக்கூட மிதிக்க முடியாது. அவருக்கு இருக்கும் ஒரே வழி நகல்.

நகல் என்றால் பொம்மைக் கடையில் தொங்கும் பிளாஸ்டிக் துப்பாக்கி அல்ல. அசல் உலோகமென்றால் நகலும் உலோகமாக இருக்க வேண்டும். எடை பொருந்த வேண்டும். திருகாணியின் தலையில் உள்ள வெட்டு எந்தப் பக்கம் திரும்பியிருந்ததோ அந்தப் பக்கமே திரும்பியிருக்க வேண்டும். படப்பிடிப்பில் கைதவறி விழுந்து ஏற்பட்ட கீறலையும் சேர்த்தே நகலெடுப்பவர்கள் உண்டு.

இந்த அளவுக்கு நுணுக்கம் எப்படிச் சாத்தியமாகிறது? பதில் அசல் ஆயுதங்கள் உருவான விதத்திலேயே இருக்கிறது. வருங்காலத்தின் ஆயுதங்கள் பெரும்பாலும் கடந்தகாலத்தின் தட்டுமுட்டுச் சாமான்களிலிருந்து பிறந்தவை. ஃபோர்டின் பிளாஸ்டருக்கு அடிப்படை ஜெர்மனியின் மௌசர் சி96 கைத்துப்பாக்கி. 1896ல் அறிமுகமானது, 1898ல் சூடானின் ஓம்துர்மான் போரில் இளம் வின்ஸ்டன் சர்ச்சில் வைத்திருந்த ரகம். அதன் தலையில் ஒரு தொலைநோக்கியைப் பொருத்தி, குழல் முனையை மாற்றியதும் அது வேறொரு விண்மீன் மண்டலத்துக்குப் போய்விட்டது. 1986ல் வந்த 'ஏலியன்ஸ்' படத்தில் விண்வெளிப் படையினர் தூக்கிவரும் துப்பாக்கிக்குள் இருப்பது இரண்டாம் உலகப் போர்க்கால தாம்ப்ஸன் சப்-மெஷின் துப்பாக்கி.

'ஸ்டார் வார்ஸ்' படத்தின் வெள்ளைக் கவச வீரர்களின் ஆயுதம் இந்திய வாசகர்களுக்குப் புதிதல்ல. அது பிரிட்டிஷ் ராணுவத்தின் ஸ்டெர்லிங் சப்-மெஷின் துப்பாக்கி. அதே ஸ்டெர்லிங் கான்பூர் ஆயுதத் தொழிற்சாலையில் கார்பைன் என்ற பெயரில் தயாரானது. நம் ராணுவத்தினர், போலீசாரின் தோளில் பல்லாண்டுகள் தொங்கியது. லண்டனில் அதன்மீது ஒரு தொலைநோக்கியையும் சில பட்டைகளையும் ஒட்டிப் பேரரசின் படைக்குக் கொடுத்தார்கள்.

எல்லாவற்றுக்கும் சிகரம், அதே படத்தில் அலெக் கின்னஸ் ஏற்ற முதியவரின் ஒளிவாள். அதில் ரோல்ஸ்ராய்ஸ் டெர்வெண்ட் ஜெட் எஞ்சினின் ஒரு குழாய்த் துண்டு இருக்கிறது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷார் பயன்படுத்திய ரைஃபிள் கையெறி குண்டின் உடல் இருக்கிறது. விமான இயந்திரத் துப்பாக்கி ஒன்றின் முனை இருக்கிறது. அடியில் குளியலறைக் குழாயின் கைத்திருகு! படத்தின் தயாரிப்புக் குறிப்புகளில் யாரும் இதையெல்லாம் எழுதி வைக்கவில்லை. புகைப்படங்களைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, ராணுவ உபரிச் சந்தைகளிலும் பழைய இரும்புக் கடைகளிலும் அலைந்து, ஒவ்வொரு பாகமாக அடையாளம் கண்டவர்கள் ரசிகர்கள். ஒரு பாகம் தெரிந்துவிட்டால் போதும். அதன் அளவு கைக்கு வந்துவிடும். அதைக் கோலாக வைத்து, படத்தில் பக்கத்தில் தெரியும் மற்ற பாகங்களின் அளவைக் கணக்கிட்டுவிடலாம். புதைபொருள் ஆய்வாளர் ஓட்டுச் சில்லை வைத்து முழுப் பானையை வரைவது போல.

இந்தத் தேடலின் உச்சக்கதை 'பிளேட் ரன்னர்' படத் துப்பாக்கியினுடையது. ரிட்லி ஸ்காட் இயக்கி 1982ல் வெளியான படம் அது. 2019ம் ஆண்டின் லாஸ் ஏஞ்சலிசைக் கற்பனை செய்தது. அதில் ஃபோர்டின் கையில் இருக்கும் கனத்த கைத்துப்பாக்கிக்கு இரண்டு விசைகள், பழுப்பு மஞ்சளில் ஒளி ஊடுருவும் பிடி, பக்கவாட்டில் மினுங்கும் சிறு விளக்குகள். ஆஸ்திரியாவின் ஸ்டேயர்-மான்லிகர் ரைஃபிளின் பாகங்களையும் அமெரிக்காவின் சார்ட்டர் ஆர்ம்ஸ் புல்டாக் ரிவால்வரையும் இணைத்து உருவாக்கியிருந்தார்கள். படம் வெளியானபோது வசூல் சுமார்தான். துப்பாக்கியும் பொதுப் பார்வையிலிருந்து மறைந்துவிட்டது.

ரசிகர்கள் விடவில்லை. தியேட்டரிலும், பிறகு வீடியோ காஸெட்டிலும், அதன்பின் டிஸ்க்கிலும் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள். வரைபடங்கள் போட்டார்கள். ஒருவரது நகலின் குறையை அடுத்தவர் திருத்தினார். ஜப்பானில் இந்தத் துப்பாக்கிக்கென்றே தனி ரசிகர் கூட்டமும் நகல் தயாரிப்பாளர்களும் உருவானார்கள். கடைசியில் 2006ல், கலிபோர்னியாவின் அனஹெய்ம் நகரில் நடந்த உலக அறிவியல் புனைகதை மாநாட்டில் அசல் துப்பாக்கி காட்சிக்கு வந்தது. 24 ஆண்டு ஊகங்களுக்கு அன்று பரீட்சை. பல ஊகங்கள் தேறின. சில தோற்றன. அதுவரை சரியென்று நம்பப்பட்ட நகல்களெல்லாம் ஒரே நாளில் பழசாகிவிட்டன. புதிய அளவுகளோடு புதிய தலைமுறை நகல்கள் வந்தன. அசல் 2009ல் 2,70,000 டாலருக்கு ஏலம் போனது.

அசல் கிடைத்த பிறகு நகல் முயற்சி ஓய்ந்திருக்க வேண்டும். நேர்மாறாக, அதற்குப் புத்துயிர் வந்தது. பொருளைச் சொந்தமாக்கிக் கொள்வதைவிட அதைப் பற்றித் துல்லியமாகத் தெரிந்து கொள்வதில்தான் இந்தக் கூட்டத்துக்கு ஆசை அதிகம். அலமாரியில் நிற்கும் துப்பாக்கி அந்த அறிவுக்குக் கிடைத்த சான்றிதழ்.

அறிவு இருக்கும் இடத்தில் திருட்டும் இருக்கும். உலோகத்தில் கடைந்து செய்வது செலவு பிடிக்கும் வேலை. எனவே முதல் பிரதியிலிருந்து சிலிக்கோன் அச்சு எடுத்து, ரெசின் ஊற்றி வார்ப்பவர்கள் அதிகம். ரெசின் இறுகும்போது கொஞ்சம் சுருங்கும். வார்ப்பிலிருந்து அச்செடுத்து மீண்டும் வார்த்தால் இன்னும் சுருங்கும், விளிம்புகள் மழுங்கும். அதனால் நல்ல சேகரிப்பாளர் நகலை வாங்கும்போது அதன் வம்சாவளியை விசாரிப்பார். ஒருவர் பல மாதம் உழைத்துச் செய்த நகலை வாங்கி, அதிலிருந்தே அச்செடுத்துப் பாதி விலைக்கு விற்பவரைச் சேகரிப்பாளர்கள் மன்னிப்பதில்லை. அவருடன் வியாபாரத்தை நிறுத்திவிடுகிறார்கள். அந்தப் படத்தை எடுத்த நிறுவனத்தின் அனுமதி முதல் நகலுக்கே இல்லாமல் இருந்திருக்கலாம். அது வேறு விஷயம். நகலை நகலெடுப்பது இங்கே பாவம்.

பட நிறுவனங்கள் சும்மா இருக்கவில்லை. 1990களிலிருந்தே முறையான உரிமம் பெற்ற உயர்தர நகல்கள் சந்தைக்கு வந்தன. உரிமம் இல்லாதவர்கள்மீது வழக்குகளும் வந்தன. இவற்றில் பிரசித்தமானது லண்டன் வழக்கு. வெள்ளைக் கவச வீரர்களின் தலைக்கவசங்களை 1976ல் படத்துக்காக வார்த்துக் கொடுத்தவர் ஆண்ட்ரூ ஐன்ஸ்வொர்த். 2004ல் அதே கவசங்களைச் செய்து பொதுமக்களுக்கு விற்கத் தொடங்கினார். லூகாஸ்ஃபிலிம் நிறுவனம் வழக்குப் போட்டது. அமெரிக்க நீதிமன்றம் 2006ல் அவருக்கு எதிராக 2 கோடி டாலர் விதித்தது.

பிரிட்டனில் கதை வேறு மாதிரிப் போனது. சிற்பம் என்றால் அதற்கு நீண்ட காலக் காப்புரிமை உண்டு. தலைக்கவசம் சிற்பமா? 2011ல் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் இல்லை என்றது. கலைப்படைப்பு என்பது 'ஸ்டார் வார்ஸ்' படம். கவசம் அந்தப் படத்தை எடுக்க உதவிய பயன்பாட்டுப் பொருள் என்பது தீர்ப்பின் சாரம். ஆகவே பிரிட்டனில் அவர் தொடர்ந்து தயாரிக்கத் தடையில்லை. அமெரிக்கக் காப்புரிமையை மீறியதற்கான வழக்கை இங்கிலாந்து நீதிமன்றமே விசாரிக்கலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. கோடம்பாக்கத்து செட் பிராப்பர்ட்டிக்காரர்கள் நெடுங்காலமாக அறிந்த உண்மை இது: படம் முடிந்தால் சாமான் வெறும் சாமான்தான். ஆனால் ரசிகனின் கண்ணில் அது சாமான் அல்ல. வழக்கே வந்தது அதனால்தானே?

ஆயுத நகல்களுக்கு இன்னொரு சட்டமும் குறுக்கே நிற்கிறது. அடித்தளம் நிஜத் துப்பாக்கி என்பதால் நகலும் நிஜம் போலவே தெரியும். ஜப்பான் 1971லேயே உலோகக் கைத்துப்பாக்கி மாதிரிகளின் குழலை அடைக்க வேண்டும், வெள்ளை அல்லது மஞ்சள் நிறம் பூச வேண்டும் என்று விதித்தது. அமெரிக்காவில் 1988ம் ஆண்டுச் சட்டப்படி பொம்மைத் துப்பாக்கிகளின் நுனியில் பளிச்சென்ற ஆரஞ்சு நிறம் இருக்க வேண்டும். சினிமா, நாடகப் பயன்பாட்டுக்கு மட்டும் விலக்கு பெற வழியுண்டு. நிஜத்திலிருந்து பிரித்தறிய முடியாத போலித் துப்பாக்கிகளைத் தயாரிப்பதையும் விற்பதையும் பிரிட்டன் 2006ல் இயற்றிய சட்டத்தால் தடை செய்தது. படப்பிடிப்பு, அருங்காட்சியகம் போன்றவற்றுக்கு அங்கும் விலக்கு உண்டு.

ஆரஞ்சு நுனி அழகைக் கெடுக்கிறது என்பது சேகரிப்பாளர்களின் குறை. அலமாரிக்குள் இருக்கும்வரை அந்தக் குறையில் நியாயம் இருக்கலாம். தெருவில் இல்லை. 2014 நவம்பரில் அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் நகரில், பூங்காவில் பொம்மைத் துப்பாக்கியோடு விளையாடிய 12 வயதுச் சிறுவனைப் போலீஸ் சுட்டுக்கொன்றது. அவன் வைத்திருந்ததில் ஆரஞ்சு நுனி இல்லை. அது எந்தப் படத்தின் ஆயுதமும் அல்ல. ஆனால் எட்ட நின்று பார்ப்பவர் படத்தின் பெயரைக் கேட்டுவிட்டு முடிவெடுப்பதில்லை. பொறுப்பான சேகரிப்பாளர்கள் தங்கள் நகல்களைப் பெட்டியில் பூட்டியே வெளியே எடுத்துச் செல்வதும், மாநாடுகளில் நுழையும்போது சோதனைக்குக் கொடுப்பதும் இதனால்தான்.

இந்தப் பொழுதுபோக்கினால் உண்மையான பாதிப்பு பழம்பொருட்களுக்கு. ஒளிவாள் மோகத்தில் எத்தனையோ பழைய ஃப்ளாஷ்கள் பல்பு பகுதி கழற்றப்பட்டு, பட்டை ஒட்டப்பட்டு உருமாறிவிட்டன. காமிரா வரலாற்றை நேசிப்பவர்களுக்கு இதில் தீராத வருத்தம். அறுபது, எழுபது ஆண்டு தப்பிப் பிழைத்த கருவி, இரண்டு மணி நேரப் படத்தின் நினைவாக முடிந்து போவதா என்று அவர்கள் கேட்பதில் தவறில்லை.

இங்குதான் நகல் தன் மதிப்பை நிரூபிக்கிறது. கிராஃப்ளெக்ஸ் கைப்பிடியையே திருகுவரை துல்லியமாக இப்போது புதிதாகத் தயாரித்து விற்கிறார்கள். மௌசர் கைத்துப்பாக்கிக்குச் சுடமுடியாத உலோக மாதிரிகள் ஸ்பெயினிலிருந்து வருகின்றன. அவற்றை அறுத்து பிளாஸ்டர் செய்தால் எந்த வரலாறும் சேதமாவதில்லை. நகல் எவ்வளவு நன்றாக இருக்கிறதோ அவ்வளவுக்கு அசல் பிழைக்கிறது.

அது நகல் என்பதை ஒளிக்காதவரைதான் இந்த நன்மை. ஏலச் சந்தையில் லட்சங்கள் புரளும்போது, சிறந்த நகலுக்கும் போலி அசலுக்கும் இடையே நிற்பது செய்தவரின் நேர்மை மட்டுமே. சில கைவினைஞர்கள் கண்ணுக்குத் தெரியாத உட்புறத்தில் தங்கள் முத்திரையைப் பொறித்து வைக்கிறார்கள். பத்து லட்சம் டாலருக்கு விலைபோன ஃபோர்டின் பிளாஸ்டரில் இருந்த தொலைநோக்கியும் குழல் முனையுமே பின்னர் செய்து பொருத்திய நகல்கள்தான். படம் முடிந்ததும் ஒட்டியவற்றைக் கழற்றிவிட்டு, மௌசரை வாடகைத் துப்பாக்கிகளின் வரிசையில் திரும்ப வைத்துவிட்டது அதைக் கொடுத்த லண்டன் நிறுவனம். ஏலம் எடுத்தவர் அதை அறிந்தே எடுத்தார்.