பதிவுப் பத்திரம் நற்சாட்சிப் பத்திரமன்று

இரண்டு பரப்புக் காணி வாங்கப் புறப்படும் எம்மவர் ஒருவர் என்னென்ன செய்வார் என்பதை யாவரும் அறிவர். முதலில் உறுதியைக் கேட்பார். அதனை நொத்தாரிசிடம் ஒப்படைத்து, காணிப் பதிவுக் கந்தோரிலே முப்பது வருடத்துப் பதிவுகளைப் புரட்டச் செய்வார். ஈடு உண்டா, வழக்கு உண்டா, சீதனமாக எழுதப்பட்டதா, பங்குக்காரருக்கு முன்வாங்கும் உரிமை உண்டா என்று ஒவ்வொன்றாய் ஆராய்வார். பின்னர் ஒரு மாலைவேளையிலே தாமே நேரிற் சென்று, எல்லைக் கதியால் நகர்ந்திருக்கிறதா என்றும் பார்த்து வருவார். ஒல்லாந்தர் தோம்பு எழுதிய காலந்தொட்டு எம்மிடத்து வளர்ந்துவந்த விழிப்பு இது.

அதே மனிதர், தமது வாழ்நாட் சேமிப்பை முன்பின் அறியாத ஒரு கம்பனியிடம் கொடுக்கும்போது என்ன செய்கிறார்? சுவரிலே கண்ணாடிச் சட்டமிட்டுத் தொங்கும் பதிவுப் பத்திரத்தைப் பார்க்கிறார். அவ்வளவே.

அண்மையிலே எம்மிடம் ஆலோசனை கேட்டு வந்த வலிகாமத்துக் கமக்காரர் ஒருவரின் கதையை இங்கே சொல்ல விரும்புகிறோம். பெயர்களைச் சொல்லமாட்டோம், விடயம் நீதிமன்றத்துக்குப் போகக்கூடியது. மூன்று போகம் வெங்காயம் விற்ற பணம், மகளின் சீதனத்துக்கென ஒதுக்கிய பணம், கனடாவிலிருந்து மைத்துனர் அனுப்பிய பணம் எல்லாவற்றையுஞ் சேர்த்து, தனியார் கம்பனி ஒன்றிலே வைப்பிலிட்டார். வங்கி கொடுப்பதைப்போல இருமடங்கு வட்டி என்றார்கள். ஏழு மாதம் வட்டி ஒழுங்காக வந்தது. எட்டாம் மாதம் கந்தோர் பூட்டிக் கிடந்தது. "பதிவு செய்த கம்பனிதானே, ஐயா, அரசாங்கத்தின் முத்திரை இருந்ததே" என்று அவர் எம்மைக் கேட்டார். அவர் கேட்டது மூடத்தனமான கேள்வியன்று. படித்த உத்தியோகத்தர் பலரும், ஏன், எமது தொழிலைச் சேர்ந்தவர்களுங்கூட, இதே எண்ணத்திலேதான் பணத்தைக் கொடுத்திருக்கின்றனர்.

முத்திரை இருந்தது உண்மை. ஆனால், அம்முத்திரை சொல்லுவது என்ன? 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்கீழ், இப்பெயரையுடைய கம்பனி ஒன்று இந்த நாளிலே பிறந்தது என்பதை மட்டுமே அது சொல்லுகிறது. பிறப்புச் சான்றிதழைக் காட்டி ஒருவன் தன்னை நல்லவன் என்று நிறுவ முடியுமா? அச்சட்டத்தின்படி ஒருவரே தனியாக, ஒரேயொரு பங்குடன், தாமே பணிப்பாளராகவும் இருந்து தனியார் கம்பனி ஒன்றைத் தொடங்கலாம். ஆகக்குறைந்த மூலதனம் இவ்வளவு இருத்தல் வேண்டும் என்று அச்சட்டம் விதிக்கவில்லை. வியாபாரம் வளரட்டும் என்று சட்டம் வாசலை அகலத் திறந்து வைத்திருக்கிறது. அதிலே நாம் குறைகாணவில்லை. அந்த வாசலால் எவரும் வரலாம் என்பதையே எம்மக்களுக்குச் சொல்லுகிறோம்.

பத்திரத்துக்குப் பின்னால் ஒரு கோவை உண்டு. கொழும்பிலே கம்பனிகள் பதிவாளரிடம் இருக்கும் அக்கோவையைக் கட்டணஞ் செலுத்தி எவரும் பார்வையிடலாம், பிரதியும் பெறலாம். பணிப்பாளர் யார், அவர்கள் வதியும் இடம் எது, பங்குகள் எவர் கையில், வருடாந்த அறிக்கை ஒழுங்காகச் செலுத்தப்பட்டதா, கம்பனியின் சொத்து எவருக்கு ஈடு வைக்கப்பட்டிருக்கிறது என்பனவெல்லாம் அங்கே கிடைக்கும். ஓராண்டுக்குள் பணிப்பாளர் மூன்றுமுறை மாறிய கம்பனியையும், பிறந்த நாள்முதல் ஒரு வருடாந்த அறிக்கைதானுஞ் செலுத்தாத கம்பனியையும் கண்டால், அதற்குமேல் விசாரித்துக் காலத்தை வீணாக்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்றை நினைவில் வைத்தல் வேண்டும். தனியார் கம்பனி தன் ஐந்தொகையைப் பதிவாளரிடஞ் செலுத்தக் கடமைப்பட்டதன்று. எனவே கோவையைப் பார்த்தாலும் அதன் வருமானமுங் கடனும் தெரியவரா. பொதுக் கம்பனிகள் கணக்கைச் செலுத்துதல் வேண்டும். கொழும்புப் பங்குச் சந்தையிலே இடம்பெற்றவை தம் வருடாந்த அறிக்கையை யாவரும் பார்க்க வெளியிடுகின்றன.

எமது கமக்காரருக்கு அந்தக் கோவைகூடத் தேவைப்பட்டிராது. தனியார் கம்பனி பொதுமக்களுக்குப் பங்கு விற்கக்கூடாது. வங்கியல்லாத கம்பனி ஒன்று பொதுமக்களிடம் வைப்புப் பணம் வாங்குவதாயின், 2011 ஆம் ஆண்டின் 42 ஆம் இலக்க நிதித்தொழிற் சட்டத்தின்கீழ் மத்திய வங்கியின் உரிமம் வேண்டும். உரிமம் பெற்றவற்றின் பெயர்ப்பட்டியலை மத்திய வங்கி வெளியிட்டு வருகிறது. ஒரு தொலைபேசி அழைப்பிலே முடிந்திருக்கும் விசாரணை!

கமக்காரரை மட்டும் ஏன் சொல்லவேண்டும்? 2008 ஆம் ஆண்டு டிசம்பரிலே கோல்டன் கீ கிரெடிட் காட் கம்பனி வீழ்ந்தபோது, ஆயிரக்கணக்கான வைப்பாளர் தெருவில் நின்றனர். அவர்களிற் பலர் ஆங்கிலம் நன்கறிந்த கனவான்கள். வைப்பு வாங்க அக்கம்பனிக்கு மத்திய வங்கியின் அனுமதி இருக்கவில்லை. பெரும் வர்த்தகக் குழுமம் ஒன்றின் பெயரே அவர்களுக்கு அனுமதியாகத் தோன்றிற்று. இனி, உரிமம் இருந்தாற் போதுமா என்றால், அதுவும் போதாது. பல்லாண்டாக நாடெங்கும் பேர்பெற்றிருந்த த பினான்ஸ் கம்பனியின் உரிமத்தை மத்திய வங்கியே 2020 ஆம் ஆண்டு மே மாதத்திலே இரத்துச் செய்தது. அங்கே வைப்பிட்டோருக்கு வைப்புக் காப்புறுதியின்கீழ் அன்று கிடைக்கத்தக்க உச்சத்தொகை ஒருவருக்கு 6 இலட்சம் ரூபா. உரிமமற்ற இடத்திலே வைத்தவருக்கு அந்த 6 இலட்சமும் இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அது சிறிய வித்தியாசமன்று.

தொண்டின் பெயரால் இயங்கும் ஸ்தாபனங்களின் விடயம் இதனினுஞ் சிக்கலானது. கம்பனிக்காவது ஒரு பதிவாளர் உண்டு. தொண்டு ஸ்தாபனமோ எந்தக் கூரையின் கீழும் ஒதுங்கலாம். 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புக்கள் சட்டத்தின்கீழ்ப் பதிவானது ஒன்று. உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாய் நிற்பது இன்னொன்று. பாராளுமன்றத்திலே தனிச்சட்டம் இயற்றிக் கூட்டிணைக்கப்பட்டது வேறொன்று. நொத்தாரிசு எழுதிய நம்பிக்கைப் பொறுப்பு உறுதியொன்றோடு மட்டும் நடப்பது மற்றொன்று. ஆகவே "பதிவு செய்திருக்கிறீர்களா?" என்று கேட்பதிற் பயனில்லை. "எந்தச் சட்டத்தின்கீழ், எந்த இலக்கத்தில்?" என்று கேட்டல் வேண்டும். இதற்கு நேரான விடை கிடைத்தால் எந்தக் கந்தோருக்குச் செல்வது என்பது தெளிவாகும். நேரான விடை கிடையாவிடின் அதுவே ஒரு விடையாகும்.

2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னும், 2009 ஆம் ஆண்டிலே போர் முடிந்த பின்னும், வடக்குக் கிழக்கிலே எத்தனையோ ஸ்தாபனங்கள் வந்தன. வீடு கட்டித் தந்தவற்றை நாம் மறக்கவில்லை. சில இடங்களிலே கிணற்றைவிடக் கிணற்றடிப் பெயர்ப்பலகை பெரிதாயிருந்ததையும் மறக்கவில்லை. வாழ்வாதாரம் என்ற நல்ல சொல்லோடு வந்து நுண்கடன் கொடுத்தவர்கள், வாரந்தோறும் வாசலில் நின்று தவணை கேட்டதனால் எமது பெண்கள் பட்ட துயரம் சொல்லுந்தரமன்று. நுண்நிதித் தொழிலுக்கென 2016 ஆம் ஆண்டிலே சட்டம் வந்த பின்னரும் அது ஓயவில்லை. 2018 ஆம் ஆண்டிலே வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்கள் பட்ட 1 இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கமே முன்வர நேர்ந்தது. கடன் கொடுக்க வந்தவர் யார், எவருடைய பணம், எவருடைய உரிமம் என்று அன்று கேட்டவர் எத்தனை பேர்?

கடல்கடந்து வாழும் எம்மவர் ஊருக்கு அனுப்பும் தருமப் பணத்துக்கும் இக்கேள்வி உரியதே. இங்கிலாந்திலே பதிவான தருமஸ்தாபனத்தின் பொறுப்பாளர் யார், சென்ற ஆண்டு வந்த பணம் எவ்வளவு, செலவான பணம் எவ்வளவு என்பதை அங்குள்ள தரும ஆணைக்குழுவின் பதிவேட்டிலே காசின்றிப் பார்க்கலாம். கனடாவிலும் பதிவான தருமஸ்தாபனங்கள் வருமானவரிப் பகுதியாருக்குச் செலுத்தும் வருடாந்த விவரம் பொதுமக்கள் பார்வைக்கு உண்டு. அங்கே அனுப்பியதாக எழுதிய தொகையையும் இங்கே வந்துசேர்ந்ததாகச் சொல்லப்படும் தொகையையும் ஒருநாட் பொழுதிலே ஒப்பிடலாம். ஒப்பிட்டவர் உண்டா? ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று எமது பாட்டிமார் சொன்னது, போடாதே என்பதற்காக அன்று. கோயிற் கணக்கும் இதற்கு விலக்கன்று. நம்பிக்கைப் பொறுப்புக்கள் கட்டளைச் சட்டத்தின் 102 ஆம் பிரிவு, கோயிலிலே அக்கறையுடைய ஐவர் சேர்ந்து மாவட்ட நீதிமன்றத்தை நாட 1917 ஆம் ஆண்டிலேயே வழிவகுத்திருக்கிறது. அந்த ஐவர்தான் கிடைப்பதில்லை.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். கணக்குக் கேட்பது வேறு. காவல் வைப்பது வேறு. அரச சார்பற்ற ஸ்தாபனங்களின் செயலகம் ஒரு காலம் பாதுகாப்பு அமைச்சின்கீழ் வைக்கப்பட்டிருந்தது. காணாமற்போனோரைத் தேடும் தாய்மாரோடு பணிபுரிந்தவர்களைப் பதிவென்ற பெயரால் அலைக்கழித்ததை எம்மக்கள் நேரிற் கண்டனர். அத்தகைய பதிவேடு அமைச்சருக்குத் திறந்திருக்கும், கிராமத்தவருக்கு மூடியிருக்கும். நாம் வேண்டுவது இதன் மறுதலையை. தொண்டு செய்வோரை யார் சந்தித்தனர் என்பது அரசாங்கத்துக்குத் தேவையற்ற விடயம். அவர்கள் மக்கள் பெயரால் வாங்கிய பணம் எங்கே போயிற்று என்பது அந்த மக்களுக்குத் தேவையான விடயம்.

கோவை இருக்கிறது, பார்வையிடும் உரிமையும் இருக்கிறது என்றோம். ஆனால் அது எந்த மொழியிலே இருக்கிறது? கம்பனிகளின் ஆவணங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலே உள்ளன. வெங்காயஞ் செய்பவர் அதனைப் படிப்பது எங்ஙனம்? 1988 ஆம் ஆண்டின் பதினாறாந் திருத்தத்தால் அமைந்த அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை இதற்கு விடை சொல்லுகிறது. சிங்களம் நிருவாக மொழியாயுள்ள இடத்திலும், உத்தியோகப் பதிவேடு ஒன்றைப் பார்வையிடவோ பிரதிபெறவோ சட்டம் உரிமை தருமாயின், அப்பிரதியை அல்லது அதன் மொழிபெயர்ப்பைத் தமிழிலாவது ஆங்கிலத்திலாவது பெறுவதற்கு ஒருவருக்கு உரித்துண்டு. "தமிழிலாவது ஆங்கிலத்திலாவது" என்பதைக் கவனிக்க வேண்டும். தெரிவு யாருடையது? கேட்பவருடையது என்பதே எமது வாதம். உரிமை அவருக்கன்றோ வழங்கப்பட்டிருக்கிறது! தெரிவு உத்தியோகத்தருடையதாயின் தமிழ் என்னுஞ் சொல் அங்கே வெறும் அலங்காரமாகிவிடும். ஆயினும் ஆங்கிலப் பிரதியை நீட்டினால் எமது நியாயவாதிகள் மறுபேச்சின்றி வாங்கிக்கொண்டு திரும்புகின்றனர். தமக்கு ஆங்கிலந் தெரியும்; கட்சிக்காரருக்குத் தெரியாதென்பது அந்த நேரத்திலே நினைவுக்கு வருவதில்லை. இக்குற்றத்திலே எமக்கும் பங்குண்டு.

2017 ஆம் ஆண்டு பெப்ரவரி தொடக்கம் நடைமுறையிலுள்ள தகவல் அறியும் உரிமைச் சட்டத்தையும் எம்மவர் போதியவளவு எடுத்தாளவில்லை. அரசாங்கத்திடமோ வெளிநாட்டு அரசிடமோ சர்வதேச ஸ்தாபனத்திடமோ கணிசமான நிதிபெற்று மக்களுக்குச் சேவை செய்யும் அரச சார்பற்ற ஸ்தாபனங்களும், அச்சேவையைப் பொறுத்தளவில் அதற்குட்பட்டவை. ஏன் கேட்கிறீர் என்பதற்குக் காரணங் காட்ட வேண்டியதில்லை. 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் தீர்மானம் செய்தல் வேண்டும். சனசமூக நிலையத்துச் செயலாளர் ஒருவர், ஒரு தாளிலே, தமிழிலே எழுதக்கூடிய விண்ணப்பம் இது.

வடக்குக் கிழக்குப் பாராளுமன்ற உறுப்பினர்களிடம் எமது கோரிக்கை ஒன்றே. மாவட்டக் கச்சேரிதோறும் ஒரு மேசை இருக்கட்டும். கம்பனியோ தொண்டு ஸ்தாபனமோ கூட்டுறவுச் சங்கமோ, இலக்கத்தைக் கொடுத்தால் அதன் கோவையைத் தமிழிலே பார்வையிட அங்கே வசதி இருக்கட்டும். வரவுசெலவுத் திட்ட விவாதத்திலே இதனைக் கேட்பதற்குச் சில நிமிடங்கள் போதும். நியாயவாதிகளிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்தமுறை பிரதி கேட்கும்போது தமிழிலே கேளுங்கள். மறுத்தால், அந்த மறுப்பை எழுத்திலே வாங்குங்கள். மொழியுரிமை மீறப்பட்டால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்திலே மனுச்செய்ய அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரை இடந்தருகிறது. எழுத்திலே கிடைக்கும் முதலாவது மறுப்பை எமது அலுவலகத்துக்கு அனுப்புங்கள். மனுவை நாம் எழுதுகிறோம்.